மலை வீட்டுப் படுக்கையறைக்கு டிவி: எத்தனை இன்ச், எந்தத் தெளிவு?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மாற்றலாகி வந்தவர்களுக்கும் வேலை ஓய்வுக்குப் பிறகு இங்கே வீடு பிடித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கீழே இருந்த வரைக்கும் டிவி என்றால் ஹாலில்தான். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஹாலில் யாரும் உட்காருவதில்லை. சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பமே கம்பளிக்குள் போய்விடும். ஆகவே படுக்கையறை டிவிதான் வீட்டின் ஒரே டிவி என்று வைத்துக்கொண்டு தேர்வு செய்யுங்கள். நானும் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு கணக்கு கேட்டுக் குழம்பித்தான் வாங்கினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எத்தனை இன்ச் என்பதை உங்கள் அறையின் தூரம் முடிவு செய்யும். எந்தத் தெளிவு என்பதை உங்கள் வீட்டுக்கு வரும் சிக்னல் முடிவு செய்யும். கடைக்குப் போவதற்கு முன்பே இரண்டுக்கும் விடை கையில் இருக்க வேண்டும்.

1. தலையணையிலிருந்து டேப் பிடியுங்கள்

அறையின் நீளத்தை அளக்காதீர்கள். கட்டிலில் நீங்கள் வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரைக்கும் அளக்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் தலைமாட்டுச் சுவரில் சாய்ந்தால் கண் சுவரை விட்டு ஒன்றரை அடி முன்னே இருக்கும். டிவி, அதன் ஸ்டாண்டு, பின்பக்க இடைவெளி எல்லாம் சேர்த்து இன்னும் அரை அடி போகும். மிஞ்சுவது எட்டடி. எஸ்டேட் பக்க லைன் வீடுகளில் இதுவே ஆறடி, ஆறரை அடிதான். டிவியை மேசைமேல் வைப்பதானால் மேசையின் அகலத்தையும் கழியுங்கள்.

கிடைத்த அடியைப் பன்னிரண்டால் பெருக்கி இன்ச் ஆக்குங்கள். அதை இரண்டால் வகுத்தால் குறைந்தபட்ச அளவு. 1.6ஆல் வகுத்தால் அதிகபட்ச அளவு. படம் பார்க்கும்போது திரை நம் பார்வையில் சுமார் 30 டிகிரி அகலத்தை அடைக்க வேண்டும் என்று திரைத் துறையில் ஒரு கணக்கு உண்டு. அந்த 1.6 அங்கிருந்து வருவது.

ஐந்தடி என்றால் 30 முதல் 37 வரை, அதாவது 32 இன்ச். ஆறடிக்கு 40 அல்லது 43. ஏழடிக்கு 43 முதல் 50. எட்டடிக்கு 50, மனசிருந்தால் 55. ஒன்பதடிக்கு மேல் இருந்தால்தான் 65 பற்றிப் பேசலாம். பழைய பங்களா அறை கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் அப்படி அளந்து பார்க்கட்டும்.

படுக்கையறைக்கு நான் கீழ்ப்பக்க அளவைத்தான் சொல்வேன். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறோம், பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார். பெரிய திரை அறை முழுக்க வெளிச்சம் அடிக்கும். ஆறடி, ஏழடி தூரமே கிடைக்கும் இந்தப் பக்கத்து வாடகை வீட்டுப் படுக்கையறைகளுக்கு 43 போதும். கடையில் 55ஐப் பார்த்துவிட்டு 43ஐப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். கடைச் சுவர் நாற்பதடி, உங்கள் சுவர் பத்தடி.

2. சுவரைப் பாருங்கள்

இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. சுவரில் அடைக்கும் இடம் வேறு. 32 இன்ச் திரை சுமார் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். 43 என்றால் 95க்கு 54. 50 என்றால் 111க்கு 62. 55 என்றால் 122க்கு 69. ஓரச் சட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாள்களை இந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டிவிட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பீரோ கதவு திறந்தால் இடிக்கிறதா, ஜன்னல் வெளிச்சம் நேராக மேலே விழுகிறதா என்பதெல்லாம் அந்தக் காகிதமே காட்டிக்கொடுக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம். வெயிலே வராத ஊர்தானே என்று நினைக்காதீர்கள். மத்தியானம் மஞ்சு இறங்கி நிற்கும்போது ஜன்னல் முழுக்க ஒரே வெள்ளை, அது அப்படியே திரையில் விழும்.

மலை வீட்டில் இதைவிடப் பெரிய விஷயம் ஓதம். மழை அடிக்கும் பக்கத்து வெளிச்சுவர் ஜூனில் ஊற ஆரம்பித்தால் மாதக்கணக்கில் காயாது. டிவியின் கையேட்டைப் புரட்டினால் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குள், வெப்பம் பூஜ்யம் அல்லது 10 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். கம்பெனிக்கேற்ப எண் மாறும். மழைக்காலத்தில் நம் அறைகள் அந்த 80ஐச் சாதாரணமாகத் தாண்டும்.

சுவரைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அல்லது அந்த இடத்தில் சுண்ணாம்பு கறுத்திருந்தால், அந்தச் சுவரில் டிவியை மாட்டாதீர்கள். இரண்டு அறைக்கு நடுவே உள்ள உள்சுவர்தான் பாதுகாப்பு. வேறு வழியே இல்லையென்றால் மாட்ட வேண்டாம், மேசையில் வையுங்கள். பின்னால் ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள்.

பழைய வீடுகளில் கணப்புக்கு மேலே உள்ள இடம் டிவிக்கென்றே விட்டதுபோல் இருக்கும். அங்கே மாட்டாதீர்கள். சூடும் கரியும் ஒரு பக்கம் இருக்க, அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விடும். திரையின் நடுப்பகுதி, நீங்கள் சாய்ந்திருக்கும்போது கண் இருக்கும் மட்டத்தில், இல்லையென்றால் அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டில்களுக்கு இது தரையிலிருந்து மூன்றரை, நாலு அடி.

வாடகை வீடா? துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'சரி' என்று ஒரு வரி வாங்கி வைப்பது காலி செய்யும் நாளில் உதவும். கருங்கல் சுவரில் துளை போடச் சுத்தியல் டிரில் வேண்டும், அதற்குக் கூலி தனி. பலகைத் தடுப்புச் சுவரில் மாட்டவே கூடாது. மேசையில் வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். இப்போது வரும் டிவிகளில் பலவற்றுக்கு நடுவில் பீடம் இல்லை, இரண்டு ஓரத்திலும் கால்கள். 43 இன்ச் டிவியின் கால்கள் உங்கள் மேசையில் நிற்குமா என்பதைக் கால்களுக்கு இடையே உள்ள அளவைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

3. வீட்டுக்கு என்ன வருகிறது என்று எழுதிப் பாருங்கள்

எச்டி ரெடி என்றால் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். ஃபுல் எச்டி 1920க்கு 1080. 4கே என்றால் 3840க்கு 2160, அதாவது ஃபுல் எச்டியைப்போல் நாலு மடங்கு. கடையில் இதைச் சொல்லித்தான் விலையை ஏற்றுவார்கள். ஆனால் புள்ளி தனித்தனியாகத் தெரியாத தூரம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல கண்பார்வை உள்ளவருக்கு 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் அது சுமார் ஐந்தரை அடி. 32 இன்ச் எச்டி ரெடியில் சுமார் ஆறடி. 55 இன்ச் ஃபுல் எச்டியில் ஏழடிக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தூரத்தைத் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்கு அதற்கு மேலான தெளிவு கண்ணில் ஏறாது. 43 இன்ச்சில் 4கேயின் முழு அருமையையும் பார்க்க மூன்றடியில் உட்கார வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு அது நடக்காது.

அடுத்தது சிக்னல். சாதாரண கேபிள், டிடிஎச் சேனல் 720க்கு 576 புள்ளிதான். எச்டி பேக் போட்டால் 1920க்கு 1080. நம் தமிழ் சீரியலும் செய்தியும் இதற்கு மேல் போவதில்லை. சாதாரண சேனலை 55 இன்ச் 4கேயில் போட்டால் முகமெல்லாம் கரைந்துதான் தெரியும், இருக்கிற புள்ளியைத்தானே அது பெரிதாக்கிக் காட்ட வேண்டும். மாமியார் பார்ப்பது சாதாரண சேனல் என்றால், பெரிய 4கே வாங்கி அவரிடம் திட்டு வாங்காதீர்கள். எச்டி பேக் போடுங்கள், அல்லது திரையைச் சின்னதாக வாங்குங்கள்.

டிஷ் பொருத்துவதானால் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் வானம் திறந்திருக்கிறதா பாருங்கள். இங்கே டிஷ்கள் அந்தத் திசையைத்தான் பார்க்கின்றன. அந்தப் பக்கம் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ உயர்ந்து நின்றால் சிக்னல் தடுமாறும். பெருமழையில் எந்த டிஷ்ஷும் கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும். அதற்காக டிவியை மாற்றுவதில் பலனில்லை.

நெட்டில் பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட டவுன் பகுதிகளில் இது பிரச்சினையில்லை. டவுனை விட்டு உள்ளே தள்ளிய எஸ்டேட்டில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருந்தால், சாயங்காலம் எட்டு மணிக்கு டிவி வைக்கப்போகும் அதே அறையில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். டேட்டாவும் பார்க்க வேண்டும். 4கேயில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை போகும், எச்டியில் 3 ஜிபி வரை. தினம் 2 ஜிபி தரும் சிம்மில் ஒரு படத்தின் இடைவேளைகூட வராது.

இன்னொரு கண்ணி சந்தாவில் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் மாதம் 199 ரூபாய்த் திட்டம் நெடுக்கே 720 புள்ளி வரைக்கும்தான். 499 ஃபுல் எச்டி. 649 கட்டினால்தான் 4கே. டிவி 4கே, சந்தா 199 என்று வைத்துக்கொண்டு படம் மங்கல் என்று கம்பெனிக்குப் புகார் செய்பவர்கள் நிறைய.

என் முடிவு இது. 32 இன்ச்சில் ஃபுல் எச்டி கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஆறடித் தூரத்துக்கு எச்டி ரெடியே போதும். ஐந்தடிக்குள் என்றால் ஃபுல் எச்டியைத் தேடிப் பிடியுங்கள். 43 இன்ச்சில் விலை வித்தியாசம் மூவாயிரம், நாலாயிரத்துக்குள் இருந்தால் 4கே. புள்ளிக்காக இல்லை, கம்பெனிகள் நல்ல பிராசசரையும் கூடுதல் மெமரியையும் அந்த மாடல்களில்தான் வைக்கின்றன. 50க்கு மேல் கடையில் பெரும்பாலும் 4கேதான் இருக்கும், யோசிக்க ஒன்றுமில்லை. 8கே பற்றி யாராவது பேசினால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

4. கடையில் செய்ய வேண்டியவை

"சார், இது 4கே சப்போர்ட் சார்" என்று ஒரு வார்த்தை காதில் விழும். அதற்கு 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள், திரை ஃபுல் எச்டியாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம். மாடல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் தேடி, பேனல் தெளிவு 3840 x 2160 என்று இருக்கிறதா பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் இன்னும் துல்லியமாகத் தெரியும் என்று சொல்லும் எச்டிஆர் ஸ்டிக்கரும் அப்படித்தான், வெளிச்சம் குறைந்த மலிவுத் திரையில் அதனால் ஒரு பயனும் இல்லை.

கடை டிவி எல்லாம் ஷோரூம் மோடில் கண்ணைப் பறிக்கும். 'ஸ்டாண்டர்டு' அல்லது 'மூவி' மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். வெளிச்சத்தை முழுக்கக் குறைக்கச் சொல்லுங்கள். ராத்திரி நீங்கள் பார்க்கப்போவது அந்த அளவில்தான். சில மாடல்கள் எவ்வளவு குறைத்தாலும் கண்ணைக் குத்தும். பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள், குனிந்தும் பாருங்கள். ஐபிஎஸ் வகைத் திரை பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் வெளிறும். கட்டிலுக்கு நேர் எதிரே டிவி என்றால் இருட்டறைக்கு விஏதான் அழகு. கட்டில் ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம் என்றால் ஐபிஎஸ்.

பெயர் தெரியாத மலிவு டிவி வாங்குவதாக இருந்தால் பின்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

5. எங்கே, எப்போது, எவ்வளவு

சுமாராக 32 இன்ச் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம், 43 இன்ச் பதினெட்டாயிரம் முதல் முப்பதாயிரம், 55 இன்ச் 4கே முப்பதாயிரத்துக்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. 32 இன்ச்சும் அதற்குக் கீழும் முன்பே 18தான். அடிப்படை விலை 20,000 ரூபாய் என்றால் 43 இன்ச்சில் 2,000 ரூபாய் மிச்சம். பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

விலை குறைவது ஆடி, சுதந்திர தினம், தீபாவளி, பொங்கல், குடியரசு தினத் தள்ளுபடிகளில். இதில் தீபாவளிதான் நமக்குச் சிக்கல். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் லாரி ஏறாது. தள்ளுபடியில் ஆன்லைனில் வாங்கிய என் பெட்டி மேட்டுப்பாளையத்திலேயே கிடந்தது, 'நாளை டெலிவரி' என்ற செய்தி மட்டும் தினம் தவறாமல் வந்தது. என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல நேரம். காய்ந்த வானிலை, சீசன் நெரிசலும் இல்லை.

ஆன்லைனில் வாங்கினால் முதலில் பின்கோடு போட்டுப் பாருங்கள். டெலிவரி உண்டா என்பது ஒரு கேள்வி. வாரண்டி ஆள் வீட்டுக்கே வருவாரா என்பது இன்னொரு கேள்வி. பல கம்பெனிகளுக்குச் சர்வீஸ் ஆள் கோயம்புத்தூரிலிருந்துதான் ஏற வேண்டும். உள்ளூர்க் கடை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அதிகம் சொன்னாலும், கோளாறு வந்தால் கடைவாசலில் போய் நிற்கலாம். அந்தப் பணத்தை நான் கொடுப்பேன்.

கோயம்புத்தூருக்கு இறங்கி வாங்கிக் காரில் ஏற்றிவர நினைப்பவர்களுக்கு: டிவி பெட்டி நின்ற நிலையில்தான் வர வேண்டும், படுக்கப் போடக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் சாயாமல் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். உங்கள் வண்டி டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு இல்லையென்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை. ஆன்லைனில் எடுக்கலாம், பழைய ஊர்ப் பதிவு எண்ணிலேயே வண்டி ஓட்டும் புதியவர்கள்தான் சோதனைச்சாவடியில் மாட்டுகிறார்கள்.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஜிஎஸ்டி பில், அதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும். 'டிவி ஒன்று' என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். கடை முத்திரை போட்ட வாரண்டி அட்டை. திரைக்குத் தனியாக வாரண்டி நீட்டித்திருந்தால் அது எழுத்தில். மாட்டிய நாளில் ஆள் தரும் இன்ஸ்டலேஷன் ரசீது. சுவரில் மாட்டும் ஸ்டாண்டு பல கம்பெனிகளில் விலை தனி, ஆள் கூலி இலவசமாக இருந்தாலும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வாசலில் வந்து நின்ற பிறகு பேரம் பேச முடியாது. எல்லாவற்றையும் செல்லில் படம் பிடித்து வையுங்கள். மலை ஈரத்தில் ரசீதுத்தாள் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை வீடியோ எடுங்கள். திரை உடைந்திருந்தால் அது இல்லாமல் யாரும் கேட்கமாட்டார்கள். கடையும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. பெட்டி வந்த அன்று

வந்தவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி முழுக்க வண்டியில் குளிர்ந்த டிவியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியதுபோல் உள்ளே வெளியே நீர் கோக்கும். பெட்டியோடு மூன்று நாலு மணி நேரம் அறையில் விட்டுவிட்டுப் பிறகு பிரியுங்கள். உடனே மாட்டித்தர வேண்டும் என்று ஆள் அவசரப்படுத்தினால், மறுநாள் வரச் சொல்லுங்கள்.

ரூம் ஹீட்டரையும் டிவியையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடவே கூடாது. 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சாதாரண எக்ஸ்டென்ஷன் 6 ஆம்பியர். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக் தனி. ஹீட்டரின் காற்று டிவிமேல் நேராக அடிக்கவும் கூடாது.

மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 43 இன்ச் டிவி 80 வாட் என்று வைத்து, தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 19 யூனிட்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். டிவியின் பின்பக்கம் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் தேவையில்லை. இங்கே டிவியைக் கொல்வது ஏப்ரல், மே கோடை மழையோடு வரும் இடி. பாறை நிலத்தில் எர்த் சரியாக இறங்காத வீடுகள் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள், திடீரென்று பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போடுங்கள். இடி கேட்க ஆரம்பித்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் நெட் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் கேபிளை விட்டுவைத்தால் இடி அந்த வழியாக உள்ளே வரும்.

மழைக்காலத்தில் ஊருக்குப் போய்ப் பல வாரம் வீட்டைப் பூட்டுவதானால், பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து இரண்டு நாளுக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். டிவியின் சொந்தச் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும். பெட்டியையும் தெர்மோகோலையும், மாற்றித்தரும் கெடு முடியும்வரை பரணில் வையுங்கள். அடுத்த மாற்றல் வரும் என்று தெரிந்தவர்கள் அதன் பிறகும் வைத்திருங்கள்.